மூக்கு ரேகை

புதுநகரம் ஸ்டேஷனில் பொள்ளாச்சி வண்டி நிற்பது ஒரு நிமிஷம்.
அதற்குள் ஆறு பேரை எண்ணிவிட வேண்டும்.
குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பதி,
திருச்சூர் டாக்டர், தூக்கம் கலையாத அவர் மகள்,
மலம்புழாவுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்த
கோயமுத்தூர்ப் பையன்,
கடைசியாக மிசுஸு.
கோபேயில், பழைய துறைமுகத் தெருக்களில்
ஹலால் மாட்டுக்கறி ருசிக்க
ஆட்களைக் கூட்டிப்போகிறவள்.
என் தொழில்தான்.

"இடது பக்கம் பாருங்கள்" என்று ஆரம்பிக்கிறேன்.
குதிரை வியாபாரத்துக்கு வந்த ராவுத்தர்கள்
குடியேறிய தெரு என்று சொல்வார்கள்.
குதிரை போய்விட்டது, லாயத்தில் புல்லட் நிற்கிறது.
தமிழில் சண்டை போட்டு
மலையாளத்தில் ரசீது எழுதும் ஊர்.
இந்த இடத்தில் சிரிப்பார்கள்.
சிரித்தார்கள்.

முதலில் ஈரல், மிளகும் சின்ன வெங்காயமுமாய்.
அடுத்து, கொள்ளோடு வெந்த எலும்பு.
வளைவு திரும்பும்போது வழக்கம்போல்
"கிராம்பு மணக்கிறதா?" என்றேன்.
மிசுஸு மட்டும் நின்று என்னைப் பார்த்தாள்.

மீராசா ராவுத்தர் கடையில்
விடிவதற்குள் அறுத்த தொடை தொங்கியது.
அவள் போனைத் திறந்து தன் ஊர்க் கறியைக் காட்டினாள்:
சிவப்புக்குள் வெள்ளை வெள்ளையாய்,
மழையில் கரைந்த கோலம் போல.
மீராசா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.
"இது ஒரு நாள்கூட வேலைக்குப் போகலையே" என்றார்.

கன்று பிறந்ததும் மூக்கில் மை தடவித்
தாளில் ஒற்றி எடுப்பார்களாம்.
ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காதாம்.
தகப்பன் பேர், தாய் பேர், பிறந்த தேதி
எல்லாம் அந்தத் தாளில்.
"இதற்கு?" என்று கேட்டாள்.

ஆணியில் குத்திய சீட்டை உருவினார் மீராசா.
கோபாலபுரம் செக்போஸ்ட். காளை ஒன்று. வெள்ளை.
வயது என்ற இடத்தில் ஒரு கோடு.
கோடு அவருக்கே பிடிக்கவில்லை போல.
மூலையில் கிடந்த தோலை இழுத்துப் புரட்டினார்.
கழுத்தில் ஒரு சாண் அகலம் மயிரே இல்லை.

"இடப்பக்கம் பூட்டுன மாடு. செங்கல் வண்டி.
இந்த முட்டி, பள்ளத்துல விழுந்து எந்திரிச்சது.
மூணு கை மாறியிருக்கும்.
கடைசியா வச்சிருந்தவன் நல்லவன்,
தடவித் தடவி எண்ணெய் போட்டிருக்கான், பாருங்க."

டாக்டரின் மகள் வெளியே போய் நின்றுகொண்டாள்.
மிசுஸு அந்த மொட்டைத் தோல்மேல் கை வைத்து
அவள் மொழியில் ஏதோ சொன்னாள்.
என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி வீட்டில் பாயில் உட்கார்ந்தோம்.
மூன்று மணி நேரம் விறகில் கிடந்த கறி,
அப்படியும் பல்லுக்கு வேலை வைத்தது.
பையனின் போன் அடித்தது.
"சாப்டேம்மா. தயிர்சாதம்."
வாய் நிறைய மாட்டை வைத்துக்கொண்டு சொன்னான்.
குவைத்துக்காரருக்குப் புரை ஏறிவிட்டது.

"நீங்கள் சாப்பிடவில்லையா?" எப்போதும் யாராவது கேட்பார்கள்.
"இப்பத்தான் ஆச்சு" என்பேன்.
காய்ச்சலில் என் மூக்கு போய் மூன்று வருஷம்.
வாசனை எல்லாம் மனப்பாடம்.
உப்புக் கூடினால் அவர்கள் புருவத்தில் தெரியும்,
எலுமிச்சை கண்ணோரத்தில்.
ஆறு முகங்கள் எனக்கு ஆறு நாக்கு.

மிசுஸு ஒரு துண்டை எடுத்தாள்.
இடது கையால் தன் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தபடியே மென்றாள், வெகு நேரம்.
அடுப்படிக்காரி அப்போதுதான் வந்து
மன்னிப்புக் கேட்டாள்:
"கிராம்பு தீந்துபோச்சுங்க, இன்னைக்குப் போடலை."

இலையின் ஓரத்தில் ஒரு துண்டை
என் பக்கம் நகர்த்தினாள்.
எடுத்துக்கொண்டேன்.
நார் நாராய்ப் பிரிந்தது;
நடந்த தூரம் முழுக்க அதில் இருந்தது.
ஐந்தே காலுக்கு வண்டி.
எண்ணினேன்: ஆறு.