பச்சை அட்டை

முதல் பரிசுக்குச் சிவப்பு,
இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள்.
அதற்குப் பிறகுதான் பச்சை அட்டை:
பணம் கிடையாது, கோப்பை கிடையாது,
சாய்ந்த எழுத்தில்
'ஹைலி கமெண்டட்'. அவ்வளவுதான்.

நார்தம்பர்லாந்தில்
மூடிப்போன சுரங்கத்தை ஒட்டிய கிளப்பில்
லீக் கண்காட்சிக்கு
இருபத்தாறு வருடமாக அட்டை எழுதுகிறவள் நான்.
நடுவர் வாய் திறக்குமுன்னே
பச்சையில் என் பேனா எழுதிவிடும்:
கத்பர்ட் ஹெப்பிள்.

குழந்தையின் தொடை கனத்துக்கு வெள்ளைத் தண்டுகள்.
வேரெல்லாம் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி,
இலையெல்லாம் பாலில் துடைத்து வரும்.
இரவில் எவனாவது கத்தியோடு வந்துவிடுவானென்று
செப்டம்பர் முழுக்கத் தோட்டத்துக் கொட்டகையில்
நாற்காலியிலேயே தூங்குவார்.
நடுவர் நாடா வைத்து அளப்பார்,
கூட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார்.
பச்சை.

"பாராட்டுதான். ஆனா கைதட்டாத பாராட்டு.
மாமியார் வாயிலிருந்து
'பரவாயில்லை' வந்த மாதிரி"
என்பாள் அவர் மனைவி தெல்மா.
சொல்லிவிட்டு, அத்தனை பச்சையையும்
சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்,
சர்க்கரை எடுக்கும்போது மட்டும் தெரிகிற மாதிரி.

போன பிப்ரவரியில் தெல்மா போய்விட்டாள்.
தகன மண்டபத்தில் வெந்நீர்க் குழாய் முனகிக்கொண்டிருந்தது.
புதிதாக வந்த பெண் பாதிரியார்
புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்:
எங்கள் சகோதரி தெல்மாவை
ஆண்டவரிடம் 'கமெண்ட்' செய்கிறோம்...

முன்வரிசையில் கத்பர்ட்டின் தோள் குலுங்கியது.
அழுகிறார் என்று தலைகுனிந்தோம்.
சிரிக்கிறார்.
திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து,
"அங்கேயும் நாலாவதுதானா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன்.
மெச்சுவதற்கும் அந்தச் சொல்தான்,
ஒன்றை இன்னொருவரை நம்பி
ஒப்படைப்பதற்கும் அதேதான்.
இருபத்தாறு வருடம்
பாதிச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன்.

இந்த வருடமும் மூன்று தண்டுகள் கொண்டுவந்தார்.
வேரில் மண்.
இலையில் தூசி, நத்தை போன தடம்.
பாலில் துடைப்பது தெல்மாவின் வேலை என்று
அப்போதுதான் எனக்குத் தெரியும்.
நடுவர் நின்றார், நகர்ந்தார்.
எந்த நிறமும் இல்லை.

விளக்கை அணைக்கப் போகிற நேரத்தில்
மேசையருகே வந்து நின்றார்.
பச்சை அட்டையில் ஒன்றை எடுத்து
பேனா மூடியைத் திறந்திருந்தேன்.
"அதெல்லாம் வேண்டாம்,
சூப்புக்கு ஆகும்" என்று
மூன்றையும் என் கையில் வைத்துவிட்டு
தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

கனமாகத்தான் இருந்தன.