சொட்டுதா

மதுரையில் எதற்குக் கீசர் என்று கேட்பவர்கள்
தை மாதம் இரண்டரை மணிக்கு எழுந்து
மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குக் கணக்கெழுதப் போனதில்லை.
அந்த நேரத்து ஆனையூர் போர்த் தண்ணீர்
முதுகில் விழும்போது
யாரோ பெயர் சொல்லித் திட்டுவதுபோல் இருக்கும்.

மூன்று வருடம் ஒழுங்காகக் கொதித்தது.
நான்காம் வருடம் உள்ளே கடலை வறுக்கிற சத்தம்.
ஒரு வாளி வெந்நீருக்கு முக்கால் மணி நேரம்.
ரெண்டு மாதக் கரண்ட் பில் வந்த அன்று
மல்லிகை கிலோ மூவாயிரம்.
பில் அதையும் தாண்டியிருந்தது.

மகபூப்பாளையத்திலிருந்து ஜெய்லானி வந்தார்.
ஸ்விட்சை அணைத்தார்.
மெயினையும் அணைத்தார்.
அதற்குப் பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார்.
"நம்பிக்கை வேற, கரண்ட் வேறக்கா."

தொட்டியைத் திறந்துவிட்டதும்
வெள்ளையடித்து மிச்சம் வைத்த சுண்ணாம்பு மாதிரி
ஓடியது தண்ணீர்.
உருவிய காயில் காயிலாக இல்லை.
நாலு வருடத் தண்ணீர்
தன் எலும்பை அதன்மேல் வளர்த்திருந்தது.
"அடுப்புக்குக் கம்பளி போத்தி
சோறு வேகலைன்னா எப்படி?"

கூடவே ஒரு மக்னீசியத் தண்டு.
பெருவிரல் மொத்தம் இருந்திருக்க வேண்டியது
எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சியாய் வந்தது.
தொட்டியை அரிக்க வந்ததெல்லாம்
முதலில் இதைத் தின்றிருக்கிறது.
தினமும் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.
இப்படி ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது.

எர்த் வயரை யாரோ மடித்து
டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.
பச்சை நிறம் மட்டும் மிச்சம்.

அப்புறம் அவர் சேஃப்டி வால்வைத் தூக்கிப் பார்த்தார்.
ஒன்றும் வரவில்லை.
பால்கனியில் எட்டி, சுவருக்கு வெளியே நீட்டிய
சின்னக் குழாயின் வாயில் டார்ச் அடித்தார்.
எம்-சீல்.
அழகாக, விரல் ரேகையோடு.

"இதை யாருக்கா அடைச்சது?"

சத்தம் கேட்டு மேலே வந்திருந்தார்
வீட்டுக்காரர் பெத்தணசாமி, ரிட்டயர்டு சர்வேயர்,
தோளில் துண்டு.
ரெண்டு வருடம் முன்பு
குழாய் சொட்டி அவர் வேட்டிக்கொடி நனைகிறதென்று
மூன்று முறை சொல்லியனுப்பினார்.
தங்கச்சி பிரசவத்துக்கு
நிலக்கோட்டை போய்விட்டு நான் திரும்பியபோது
சொட்டு நின்றிருந்தது.
தானாகச் சரியானதென்று நினைத்தேன்.

அவர் எம்-சீலைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
ஜெய்லானி யாரையும் பார்க்காமல்
ஒரு ஸ்க்ரூவைத் தேடினார்.
அது அவர் கையிலேயே இருந்தது.

"சொட்டுதேன்னு..." என்றார் வீட்டுக்காரர்.
"சொட்டுறதுதான்ங்கய்யா அதுக்கு வேலை.
சூடேறுனா தண்ணி பெருசாகும்.
பெருசானது எங்கயாச்சும் போகணும்.
வழி விடலைன்னா, அதுவே பண்ணிக்கும்."
கொஞ்சம் நிறுத்தி,
"இதுக்கு நேர் கீழ என்ன ரூமு?"

"என் கட்டில்."

ரெண்டு வருடமாய்
தெர்மோஸ்டாட் ஒன்றுதான் தனியாக நின்று
அவர் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறது.

இறங்கிப் போனவர்
பணத்தோடு வருவார் என்று பார்த்தேன்.
அளவு நாடாவோடு வந்தார்.
குழாய் வாயிலிருந்து கீழே நந்தியாவட்டைத் தொட்டிவரை
இரண்டு முறை அளந்தார்.
பதினாலடி மூணு அங்குலம்.
சாயங்காலம் டியூப் வாங்கி வந்து
கொடியைத் தாண்டிச் செடிக்கு அவரே இழுத்துவிட்டார்.
சர்வீஸ் செலவில் பாதியை அந்த மாத வாடகையில் கழித்தேன்.
அவர் ஏனென்று கேட்கவில்லை.
மீதிப் பாதியை நானும் கேட்கவில்லை.

மறுநாள் இரண்டரை.
புதுக் காயில், புதுத் தண்டு, மண்ணுக்குப் போய்ச் சேர்ந்த பச்சை வயர்.
ஐம்பத்தைந்தில் வைத்தேன்.
பன்னிரண்டு நிமிடத்தில் விளக்கு அணைந்தது.
குளித்து, தலை துவட்டிக்கொண்டே பால்கனிக்கு வந்தால்
கீழே இருட்டில் ஒரு டார்ச்.
செடியருகே குனிந்திருந்தது துண்டு போட்ட தோள்.

"சொட்டுதாய்யா?"

"ம்.
சொட்டுது."