பதினேழாவது பதிவு

நாவாந்துறைத் தாய்சேய் நிலையத்தில்
மின்விசிறியை நிறுத்தியிருந்தோம், இரைச்சல் பதிவாகும் என்று.
யன்னலால் மீன் ஏலம் எப்படியும் உள்ளே வந்தது.
"ரெண்டு நிமிசம் முகத்தை அசைக்காமல் வைச்சிருங்கோ,
பிள்ளை என்ன செய்தாலும் சரி."
கொன்சலா தலையாட்டினாள். கல்லானாள்.

ஆறு மாதத்து ஜெனுசன்
முதலில் சிரித்துப் பார்த்தான்.
பிறகு நாக்கை நீட்டினான்,
நேற்றுவரை விலைபோன வித்தை.
"ங்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து, உரக்க,
"ங்கா!"
உதறிய காலிலிருந்து ஒரு சொக்ஸ் பறந்தது.
எல்லாவற்றுக்கும் என் தாளில் கட்டம் இருந்தது.

ஒரு நிமிசம் நாற்பதாவது விநாடியில்
தாயை விட்டுவிட்டு
கமெராவுக்குப் பின்னால் பார்த்தான்.

அங்கே நான்.
ஏழு மாதமாய்
பதினாறு பிள்ளைகள் அழ அழ
அசையாத முகத்தோடு
விநாடி எண்ணிக்கொண்டிருந்தவள்.

சிரித்துவிட்டேன்.

கட்டுரையில் அது ஓர் அடிக்குறிப்பு:
ஆய்வாளரின் தலையீட்டால் ஒரு பதிவு நீக்கப்பட்டது.
மதிப்பாய்வாளர் கேட்டிருக்கிறார்:
எவ்வகைத் தலையீடு?

இன்னும் பதில் எழுதவில்லை.
அந்தச் சொக்ஸ் வேறு
என் பைக்குள் கிடக்கிறது;
கொண்டுபோய்க் குடுக்க வேணும்,
இப்போது அவன் காலுக்கு அது போதாது என்றாலும்.