கேட்ச் கேன்: சில அளவுகள்

முதலில் வாங்கியது எழுநூறு ரூபாய்.
நீல நிறம், பார்க்க அழகு.
உள்ளே வலை இல்லை, தடுப்பு இல்லை,
வெறும் டப்பா.
ஒரு குழாயில் நுழைந்த எண்ணெய் ஆவி
மறு குழாயில் வெளியேறி
டர்போவுக்குள் போய்க்கொண்டே இருந்தது.
தெரிந்த முகம் என்று
செக்போஸ்டில் கம்பைத் தூக்கிவிடுவார்களே, அப்படி.
இரண்டு மாதம் கழித்துத் திறந்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
இன்டர்கூலர் குழாயில் விட்ட விரல்
கருப்பாக வந்தது.

அரவேனு பட்டறையில் மரியசூசை சிரித்தான்.
"ரிங்கைத் தாண்டி வர்ற புகை
எண்ணெயையும் கூட்டிக்கிட்டுத்தான் வரும்.
அது நின்னு போக
ஒரு காரணம் வேணும்ல?"
காரணம் என்று அவன் எடுத்து நீட்டியது
பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்.
வேண்டாம் என்றேன்.
நிமிஷத்துக்கு லட்சம் சுற்று சுற்றுகிற இறக்கை,
ஓர் இழை பிய்ந்து போனாலும் தாங்காது.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து வந்தது
வலையும் தகடும் வைத்த ஒன்று.
மூன்று லோடு வாடகை.

கேரட் இறங்கும், பொட்டாஷ் ஏறும்.
ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
அடித்திருகைத் திறந்து
மகளின் இருமல் மருந்து மூடியில் அளந்து
ட்ரிப் ஷீட்டின் முதுகில் எழுதினேன்.

சித்திரையில் பதினைந்து மில்லி,
கருப்பட்டிப் பாகு நிறம்.
ஐப்பசியில் இருபத்தைந்து, பாதி தண்ணீர்.
மார்கழியில் நாற்பது.
அதில் எண்ணெய் எவ்வளவு என்று கேட்காதீர்கள்,
ஆடை படிந்த காப்பி மாதிரி ஒரு குழம்பு.
தையில் ஒரு விடியற்காலை
கட்டபெட்டுப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளை,
டப்பாவின் அடியும் கல்.
போக வழியில்லாத காற்று
டிப்ஸ்டிக்கைத் துப்பிவிட்டது.
வெந்நீர் ஊற்றிக் கரைத்துவிட்டுக் கிளம்பினேன்.

குஞ்சப்பனைக்கு மேலே பனி ஏறும் நேரம்
சாலை காய்ந்து கிடக்க
மரத்தடியில் மட்டும் மழை சொட்டும்.
இலை பிடித்து இறக்குவது.
அதுவும் எல்லாப் பனியையும் பிடிப்பதில்லை,
பாதி அப்படியே கோடநாடு பக்கம் போய்விடும்.

இந்த ஆனியில்
மூடியை நான்கு தடவை நிரப்ப வேண்டியிருந்தது.
அறுபது.
தண்ணீர் இல்லை, குளிர் இல்லை, சாக்கு இல்லை.
மரியசூசை இந்தத் தடவை சிரிக்கவில்லை.
"டப்பா பிடிக்கத்தான் செய்யும்,
ரிங்கை அதால மாத்த முடியாது.
எழுபதாயிரம் வெச்சிருக்கியா?"

விற்றுவிடலாம் என்று முடிவானது.

காரமடையிலிருந்து நஞ்சுண்டன் வந்தார்.
வாழைக்காய் வியாபாரம், விவரமானவர்.
டர்போவின் ரப்பர் குழாயை அவரே கழற்றி
வெள்ளைக் கைக்குட்டையைச் சுருட்டி
உள்ளே விட்டுத் துடைத்தார்.
இந்த டப்பா எப்படி வேலை செய்யுது என்று
யாராவது என்னைக் கேட்டால்
இதைத்தான் சொல்வேன்:
கைக்குட்டை வெள்ளையாகவே வெளியே வந்தது.

"அருமையா வெச்சிருக்கீங்க" என்றார்.
எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்திருந்தால்
புகை முகத்தில் அடித்திருக்கும்.
திறக்கவில்லை.
டப்பாவை அன்று காலைதான் காலி செய்திருந்தேன்.
ஆயிரம் கிலோமீட்டர் முடிந்திருந்தது,
அதனால்தான்.
அதனால்தான் என்று
பல் துலக்கும்போதும் சொல்லிக்கொண்டேன்.

அட்வான்ஸை எச்சில் தொட்டு எண்ணினார்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
சட்டைப் பையில் ட்ரிப் ஷீட்
நெஞ்சில் குத்தியது என்றெல்லாம் இல்லை,
காகிதம்தானே.
ஆனாலும் "கொஞ்சம் இருங்க" என்று
சொன்னது என் வாய்தான்.

இரண்டு பக்கமும் நின்று படித்தார்.
பதினைந்தில் ஒரு விரல், அறுபதில் ஒரு விரல்.
நாற்பத்தைந்தாயிரம் குறைத்தார்.
திட்டவில்லை, புகழவும் இல்லை.
"டப்பா வண்டியோடதானே?"
ஆமாம்.
"அந்த மருந்து மூடி?"

டேஷ்போர்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
அஞ்சு மில்லிக் கோடு தேய்ந்துபோயிருக்கிறது,
வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்,
தெரியும்.