பணியில் இருந்தோர்

பதிவேட்டின் அடியில்
'பணியில் இருந்தோர்' என்று மூன்று வரி.
முதல் வரியில் நான்.
இரண்டாவது செல்வகனி,
கங்கைகொண்டானுக்கு மாற்றுப்பணி போய்ப் பதினோரு மாதம்.
மூன்றாவது பணியிடம்
நான் சேர்ந்த நாளிலிருந்தே காலி.
அதற்கென்று ஒரு நாற்காலி மட்டும் உண்டு,
அதில் குளுக்கோஸ் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஆவணி முடிந்தும் பாளையங்கோட்டை வெக்கை இறங்கவில்லை.
ராத்திரி எட்டுக்கு மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால்
கம்பிக்கு வெளியே கைகள் மட்டும் வரும்.
முகம் பார்த்துக் கொடுக்க வேண்டும், அது விதி.
முந்நூற்று நாற்பது முகம்.
கையைப் பார்த்துக் கொடுக்கப் பழகிவிட்டேன்:
பச்சை குத்திய வேல், வலிப்பு மாத்திரை.
சுண்டுவிரல் இல்லாதது, சர்க்கரை.
ரெண்டு பேர் ஒரே வேலைக் குத்தியிருந்தால்?
வீட்டில் சோறு பிசையும்போதுதான் தோன்றும்.

ஒன்று நாற்பதுக்கு
ஆறாம் பிளாக்கில் பூலுடையாருக்கு வலிப்பு.
அதே நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
சொரிமுத்துக்கு நெஞ்சைப் பிசைகிறது,
வேர்த்துத் தொப்பலாகிக் கிடக்கிறார்.
ஒருத்தன் விசாரணைக் கைதி, வயசு இருபத்திரண்டு.
இன்னொருவர் ஆயுள்.
யார் என்ன செய்தார் என்று நான் கேட்பதில்லை,
கேட்டால் கை நடுங்கும்.
அன்றைக்குக் கேட்காமலே நடுங்கியது.

செல் சாவி என்னிடம் கிடையாது.
சாவிக்காரர் மதார் மைதீன் அண்ணன்
நாலு பிளாக்குக்கு ஒத்தை ஆள்.
"எம்மா, இந்தா வாரேன், வாரேன்"
அவருக்கு முன்னால் அவர் சத்தம் ஓடி வருகிறது.
டாக்டருக்கு மூன்று முறை போன் அடித்தேன்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான்;
கூப்பிட்டால்
வழிக்காவல் போலீஸ் வர ஐம்பது நிமிஷம்.

சொரிமுத்துவின் நாக்கடியில் மாத்திரை வைத்து
ஆக்சிஜனைத் திறந்துவிட்டு
பக்கத்துக் கட்டில் கைதியிடம்
"இவரைப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.
அந்த ஒரு வாக்கியம் போதும்
எனக்குப் பதினேழு-பி வர.

ரெண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

காலையில் ஆபீசிலிருந்து வந்தவர் நல்ல மனுஷர்தான்,
எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தார்.
"ஆடிட்டு வருது சிஸ்டர்.
அந்த ரெண்டு வரியும் வெறுமனே கெடக்கு.
செல்வகனி வரும்போது ஒரு கையெழுத்து போட்டுருவா.
நேரத்த மட்டும் ரெண்டேகாலுன்னு..."

ஊசி குத்த நான் தயங்கியதே இல்லை.
பேனாவைத் தொட்டால்
மகள் ஃபீஸ், சொசைட்டிக் கடன்,
கவுன்சிலில் பதிந்த என் நம்பர்,
எல்லாம் முழங்கையில் வந்து தொங்குகிறது.
நாளைக்கு ஒருத்தர் செத்தால்
காலி நாற்காலியை யாரும் விசாரிக்கப் போவதில்லை.

டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.
ஸ்கேலை எடுத்து
காலி வரி ரெண்டிலும்
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை
கோடு இழுத்தேன்,
பிறகு யாரும் வந்து உட்கார முடியாதபடி.
நேரம்: 1.40.
இருந்தது: நான் ஒருத்தி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
கிளாஸ் ரெண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

ராத்திரி எட்டுக்கு மறுபடியும் வண்டி.
வேல் குத்திய கை நீண்டது.
மாத்திரையை விடாமல் பிடித்துக்கொண்டு
"மூஞ்சியக் காட்டும்" என்றேன்.
நாக்குக் கடிபட்டு, உதடு வீங்கி, அவன்தான்.
அடுத்த கையிடமும் கேட்டேன்.
அதற்கடுத்ததிடமும்.

மணி பத்தரை.
இன்னும் மூன்றாம் பிளாக்கே முடியவில்லை.