காற்றுத் திருகு

நாலு நிமிஷம் ஓடியது.
இருமி, ஒருமுறை விக்கி,
நீரிணையின் நட்டநடுவில் நின்றுபோனது.

பதினைந்து குதிரை என்று மூடியில் எழுதியிருக்கிறது.
எண்பத்து நாலாம் வருஷத்துக் கணக்கு அது.
ஒன்பது எப்போதோ செத்திருக்கும்.
மீதி ஆறும் இன்று படுத்துக்கொண்டன.

படகில் நான், மூன்று மூட்டை உருளைக்கிழங்கு,
கால் கட்டிய செம்மறி ஒன்று.
டிக்கெட் எடுத்த பயணியின் முகத்தோடு
அது என்னையே பார்த்தது.

கயிற்றை இழுத்தேன், பன்னிரண்டு தரம்.
சோக்கை இழுத்துவிட்டு ஆறு, தள்ளிவிட்டு ஆறு.
சூடானது என் தோள்பட்டை மட்டும்.

வானொலியில் சொன்னேன்:
"ஒர்ஃபெலினா பேசுகிறேன். மோட்டார் நின்றுவிட்டது.
ஆபத்தில்லை. வற்றம் இழுக்கிறது, மெதுவாகத்தான்."

அவ்வளவுதான்.
சிலோயே தீவுகளில் மீன் கிடைக்காத நாள் உண்டு,
யோசனை கிடைக்காத நாள் கிடையாது.

"பிளக்கைக் கழற்று" என்றான் மட்டி வளர்க்கும் எலியாசர்.
கழற்றினேன். நோன்பிருப்பவன் நாக்கைப்போல
காய்ந்து கிடந்தது.
உலோகத்தில் ஒட்டிவைத்து இழுத்தால் நீலப் பொறி.
நெருப்பு இருக்கிறது,
குடிக்கத்தான் ஒன்றும் வரவில்லை.

"போன கோடையின் பெட்ரோல்தானே?
கார்புரேட்டரில் பிசின் கட்டியிருக்கும்."
இது சலமோன்.
அடித் திருகைத் திறந்தேன். ஒரு சொட்டு.
அதுவும் யோசித்து யோசித்து விழுந்தது.

"பம்பின் சவ்வு கிழிஞ்சிருக்கும்."
"நீ எப்பவும் எண்ணெயைக் கூடத்தான் கலப்பே."
கடைசியாகச் சொன்னவள் ஹெர்மோசினா.
அவளிடம் மோட்டாரும் இல்லை, படகும் இல்லை.

ஒருவன் மட்டும் வாய் திறக்கவில்லை.
பதினோரு வருஷம் என்னோடும் இதோடும் மல்லுக்கட்டி,
பிரிந்த அன்று
"குணம் தெரிஞ்சா நல்லா ஓடும்" என்று
இதை என் கரையில் இறக்கிவிட்டுப் போன நிபால்தோ.
அவன் காதும் இதே சேனலில்தான் இருக்கும்.

குழாயின் ரப்பர் குமிழை அமுக்கப் போனேன்.
அது ஏற்கெனவே அமுங்கி, வற்றல்போல
ஒட்டிக் கிடந்தது.
டேங்கைத் தூக்கினேன். முக்கால்வாசி கனம்.
ஆனால் தகர விலா உள்ளே குழிந்திருந்தது.
நிறைந்த வயிறு எப்படி ஒட்டிப்போகும்?

பிறகுதான் மூடியைப் பார்த்தேன்.
அதன்மேல் சுண்டுவிரல் நகமளவு ஒரு திருகு,
காற்று போக.
இறுக்கியிருந்தது.
யார் இறுக்கினது? நான்தான், நேற்று ராத்திரி,
கிழங்கில் பெட்ரோல் நாறக்கூடாதென்று.

இரண்டு சுற்று.
முங்கி எழுந்தவன் மூச்சை இழுப்பதுபோல
ஸ்ஸ்ஸ் என்று உள்ளே இழுத்தது டேங்க்.
டங்! விலா வெளியே வந்தது.
செம்மறி துள்ளியது.
குமிழ் மெல்ல உப்பியது.

கல்லாகும் வரை அமுக்கினேன். சோக். கயிறு.
மூன்றாம் இழுப்பில்
நீலப் புகையோடு திட்டிக்கொண்டே எழுந்தன
ஆறு குதிரைகளும்.

"என்ன கோளாறு?" என்று கேட்டது வானொலி.
"கார்புரேட்டர்" என்றேன்.
"நான் சொல்லலே?" என்றான் சலமோன்.
அக்கரை தெரியும் வரை அவன் புகழ்தான்.

எல்லோரும் ஓய்ந்த பிறகு
பேச்சே இல்லாமல் யாரோ
பொத்தானை மட்டும் அமுக்கி விட்டார்கள்.
டிக்.
டிக்.

செம்மறியைப் பார்த்தேன்.
அது கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.