நல்ல பக்கம்

குளச்சலில் மூன்றாம் மாடி.
கடற்காற்று வந்துபோனால்
இலையெல்லாம் உப்பு.
பழைய பனியனை நனைத்துப் பிழிந்து
மணிபிளாண்டைத் துடைக்கிறேன்,
ஒவ்வொரு இலைக்கும் அடியில் உள்ளங்கை கொடுத்து.

சாவியைத் தந்துவிட்டு
குவைத் போனாள் செலஸ்டினா.
"தண்ணி கூடுதலா விடாத,
வெரல விட்டுப் பாரு."
மனசு கேட்காமல் விட்டேன்.
குரோட்டன்ஸ் ஒரு பக்கம் பழுத்தது.
மாவுப்பூச்சி வேறு;
காது குடையும் பஞ்சில் வேப்பெண்ணெய் தொட்டு
கணுக்கணுவாக எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்தாள்.
தொட்டியைத் திருப்பிவைத்து
பச்சையை மட்டும் காட்டினேன்.
"சுவர்ப் பக்கம் காட்டு."
காட்டினேன்.
"பழுத்தத வெட்டிரு. அதுக்கு நோவாது."

இரண்டு மாதமாக அவளுக்குப் பின்னால்
அதே வெள்ளைச் சுவர்.
"இனி நீ திரும்பு பிள்ளே" என்றேன்.

நெட் சரியில்லை என்றாள்.